கண்டக்டர் கொடுத்த சொல்

எண்பதுகளில், மலேசியாவில் புக்கிட் ரோத்தானிலிருந்து கோலா சிலாங்கூர் போகும் பஸ்ஸில் ஒரு மலாய்க்காரக் கண்டக்டர் இருந்தார். காதில் பென்சில், கருகருவென்ற மீசை. என்னைவிட அரையடி உயரம், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிறுதோறும் சந்தைக்குப் போகையில், என் மனைவிக்கு டிக்கெட்டோடு ஒரு மலாய்ச் சொல்லும் கொடுப்பார். "கெடாய்?" என்பார். "கடை!" என்பாள். "காப்பால்?" "கப்பல்!" இரண்டு பாஷையும் ஒத்துப்போனால் டிக்கெட் குத்தும் இடுக்கியை 'டக்'கென்று காற்றில் அழுத்துவார். இவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். கல்யாணமாகி ஒரு வருஷம், என்னிடம் அப்படிச் சிரித்ததே இல்லை.

ஒருநாள் நான் முந்திக்கொண்டு, "பெத்தின்னா பெட்டி, தெரியுமா?" என்றேன்.

"அத அவரு போன வாரமே சொல்லிட்டாரு லா" என்றாள்.

அடுத்த ஞாயிறு அவர், "காத்தில்?" என்றார்.

"கட்டில்" என்றவள், வெட்கத்தோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எஸ்டேட் லயத்து வீட்டில் நாங்கள் பாயில்தான் படுத்தோம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் மெல்லக் கேட்டாள்: "நாமளும் ஒண்ணு வாங்கலாமாங்க?"

வாங்கினேன். கொஞ்ச நாளில் அந்த ஆள் வேறு பஸ்ஸுக்கு மாறிப் போய்விட்டார். ஆனால் கட்டில் கிறீச்சிடும்போதெல்லாம் எனக்கு அந்த 'டக்' கேட்கிறது.