ரெக்கின் உச்சியில் மூடுபனி

பாரிஸின் கார் து நோர் ஸ்டேஷனில் யூரோஸ்டார் ரயில் ஏறி, லண்டனில் இறங்கி இன்னும் இரண்டு ரயில் மாறினால் அக்கா வீடு. ஷ்ரொப்ஷயரில் வெலிங்டன் என்ற சின்ன நகரம். பாரிஸில் ரூ காய் தெருவில் சேலைக்கடை வேலையை விட்டு அசைய முடியாமல் இருந்த நான், 2014 கோடையில்தான் முதல்முறை அங்கே போனேன்.

வெலிங்டன் நெருங்கும்போது அக்கா போன் எடுத்தா.

"இடப்பக்கம் பாரடி. கவிழ்த்து வைச்ச வள்ளம் மாதிரி ஒரு மலை தெரியுதோ? அதுதான் ரெக்கின். அதைக் கண்டால் வீடு வந்திட்டுது."

"ஓம், தெரியுது."

அக்காவுக்குச் சீனி வருத்தம் வந்து, டொக்டர் நடக்கச் சொன்னதில் தொடங்கியது இந்த மலை ஏறுற பழக்கம். இப்போது காரில் போகும்போதே எந்த மலையில் பழைய கோட்டை இருந்தது என்று சொல்லிவிடுவா.

மறுநாள் காலை ஒரு மழைக்கோட்டை என்னிடம் நீட்டினா. ஏறத் தொடங்கினோம். பாதி வழி தாண்டியதும், புல் மூடிய இரண்டு மண்மேடுகளுக்கு நடுவில் நின்றா.

"இதுக்குப் பேர் நரகவாசல்."

"பிறகேன் அக்கா என்னை இதுக்குள்ளாலை கூட்டிக்கொண்டு போறியள்?"

"பொறு, மேலை சொர்க்கவாசல் இருக்கு."

கல்மதில், கதவு என்று நான் தேடினேன். ஒன்றுமில்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கும் முந்தின கோட்டையில் மிஞ்சியது அந்த மேடுகள்தானாம். "ஆடு நடந்த தடம் வளைஞ்சு நெளிஞ்சு போகும். கோட்டை வரம்பு எண்டால் மலையை ஒழுங்காச் சுத்தி ஓடும்" என்றா.

உச்சியில் ஒரே மூடுபனி. எனக்கு என் சப்பாத்துக்கூடத் தெரியவில்லை. அக்கா விடவில்லை, வெள்ளைக்குள் கையை நீட்டி, "அங்கை கேர் கரடொக், அதுவும் கோட்டை மலை" என்றா. நானும் பயபக்தியோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் பனி விலகியது. அக்காவின் விரல் நேராகக் காட்டிய இடத்தில், மின்சார நிலையத்தின் பருத்த கோபுரங்கள் நீராவி விட்டுக்கொண்டு நின்றன.

"நல்ல பழைய கோட்டைதான்" என்றேன்.

அக்கா சிரித்த சிரிப்பில் பாறையில் உட்கார்ந்துவிட்டா. பிறகு சுற்றியுள்ள மலைகளின் பேர் பொறித்து அங்கே வைத்திருந்த திசைத் தட்டைப் பார்த்து, அம்புக்குறி காட்டிய பக்கம் திரும்பி, உண்மையான கரடொக்கைக் கண்டுபிடித்தோம். கூர்ப்பான, நீலமான ஒரு மலை.

இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கமே காரில் போனோம். அக்கா பாதையில் கண்ணாக இருந்தா. வெயில் சாய்வாக விழ, ஒரு மலையின் உச்சிக்குக் கீழே மேடும் பள்ளமுமாய் வரம்புகள் சுற்றி ஓடுவதைக் கண்டேன்.

"அக்கா, நிப்பாட்டுங்கோ! கோட்டை!"

ஓரமாக நிறுத்தி, வரைபடத்தை விரித்துப் பார்த்தா.

"கரடொக்தானடி! நான் சொல்ல முந்தியே பிடிச்சிட்டாய்."

நாற்பத்தைந்து வயதில் எனக்கு வந்த பெருமையை மறைக்கத் தெரியவில்லை. மெல்ல மெல்ல அதிலும் ஏறினோம். மேலே காற்று ஆளைத் தள்ளியது. வரம்பின் உட்பக்கம் மட்டும் காற்றில்லாமல் கணகணப்பாக இருந்தது. அங்கே குந்தியிருந்து, நான் பாரிஸ் லா சப்பல் தமிழ்க்கடையில் வாங்கிக் கொண்டுபோய், அக்கா பிரிட்ஜில் வைத்திருந்த ரோல்ஸைச் சாப்பிட்டோம்.