சருகுமானின் அன்னாசிச் சட்டை

பிறருக்குச் சொந்தமான பொருளைப் பொது நிகழ்ச்சியில் காட்டுவதென்றால், உரிமையாளரின் சம்மதத்தை முன்கூட்டியே எழுத்தில் பெற வேண்டும். அரசாங்க வேலையில் இருந்த காலமெல்லாம் இந்த விதியைச் சொல்லிப் பலருடைய விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியவள் நான். இதை மீறியதால்தான் என் தாய்மாமனுக்குக் கல்யாணம் நடந்தது என்பதை அவர்களிடம் சொன்னதில்லை.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. டிவி அதைவிடப் புதிது. மாமா எலெக்ட்ரிக் கித்தாரும் இறுக்கமான கால்சட்டையுமாக மலாக்காவின் கல்யாண வீடுகளில் மலாய்ப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். அங்கே காஜா பேராங் வட்டாரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிப் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர், ஒருவர் இருந்தார். அவர் மகளை மாமாவுக்குக் கேட்டு அம்மா வெற்றிலை பாக்கோடு போனார். கிராணி வாய்ப்பேச்சை ஏற்பவரல்லர். "எழுதிக் குடுங்க, பாக்கலாம்" என்றார். எழுதிக் கொடுத்தோம். பதில் இல்லை. அம்மா வழியில் மறித்துக் கேட்டதற்கு, "கித்தார் தட்டுறதெல்லாம் ஒரு வேலையா லா? கவர்மெண்ட்டு டிவியில அவன் மூஞ்சி வரட்டும், அப்புறம் பேசலாம்" என்றார்.

டிவியிலிருந்து அழைப்பு வந்தேவிட்டது, சிறுவர் பொம்மலாட்டத்துக்கு. எங்கோ மாமா பாடக் கேட்டிருந்த பொம்மலாட்டக்காரர், தன் சருகுமான் பொம்மைக்கு அந்தக் குரல்தான் வேண்டும் என்றாராம். மான் கறுப்புக் கண்ணாடி போட்டுக் கித்தார் வாசிக்கும். மாமா மேசைக்குக் கீழே குந்திக்கொண்டு பாட வேண்டும். முகம் தெரியாது. மாமா சோறு இறங்காமல் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். மானுக்கு, பாடகர்கள் போடுவது போல ஒரு சட்டையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

பள்ளிச் சிறுமியான நான் கிராணியின் மகளிடம் தையல் பழகிக்கொண்டிருந்தேன். அளவு என் மூலமாகப் போனது. கூடை நிறைய நல்ல துண்டுத் துணிகள் கிடக்க, அக்கா எழுந்து போய்க் கூடத்துச் சன்னல் திரையின் அடிப்பக்கத்தைக் கத்தரித்தார். கிராணி தாமே கடையேறித் தேர்ந்தெடுத்த துணி அது. உள்ளங்கை அகலத்துக்கு அன்னாசிப் பழங்கள்.

"அப்பா ஏசுவாரே அக்கா."

"ஏசட்டும்" என்று ஊசியில் நூல் கோத்தார்.

திரை குட்டையானதைக் கிராணி கவனிக்கவில்லை. வீட்டில் எதையும் நிமிர்ந்து பார்க்கும் பழக்கம் அவருக்கில்லை.

முனையிலிருந்த சீனர் கோப்பிக் கடையில்தான் டிவி இருந்தது. அம்மா தெருவையே அழைத்திருந்தார். ஆரத்தித் தட்டும் தயார். கிராணி மகளோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மான் வந்து தலையை ஆட்டிப் பாடியது. அம்மா தட்டைத் தூக்கி டிவிக்குச் சுற்றத் தொடங்கினார்.

"தண்ணி பெட்டியில படாம லா, அம்மா" என்று கடைக்காரர் ஓடி வந்தார்.

"மான்தான் தெரியுது. பாட்டுக்காரனக் காணோமே" என்றார் கிராணி.

"குரலு அவனோடதுதாங்க."

"குரலுக்கு யாராவது பொண்ணு குடுப்பாங்களா?"

கடை சிரித்தது. அம்மாவின் கையில் தட்டு அப்படியே நின்றது. அந்த நேரம் பார்த்து மானைக் கிட்டத்தில் காட்டினார்கள். அதன் மார்பில் முழுசாக ஓர் அன்னாசி. கிராணி கோப்பியை வாய்க்குக் கொண்டுபோகாமல் அதையே பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அக்கா டிவியைப் பார்க்கவேயில்லை. அப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கிராணி கோப்பியை வைத்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போனார்.

அந்த அக்காதான் பிறகு என் அத்தை. என் பள்ளிச் சீருடையிலிருந்து முதல் நேர்முகத் தேர்வுக்குப் போட்ட சட்டை வரை அவர் தைத்தது. நான் உத்தியோகம் பார்த்ததில் பாதி அவர் ஊசிக்குச் சேரும். மீதியை அந்த மானுக்குக் கொடுக்கலாம்.

ஆனால் அன்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. கிராணியின் கையெழுத்தில் கடிதம் வந்ததும் அம்மா உரக்கப் படித்தார்: "விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. ஆட்சேபணை இல்லை." படித்துவிட்டு அழுதார். மாமா கித்தாரைக் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். வெட்டிய திரைத்துணிக்கு ஒருவழியாக அனுமதி கிடைத்துவிட்டது, அதற்கு ஏன் இவ்வளவு அழுகை என்று நினைத்துக்கொண்டேன். அன்று தீபாவளிக்கு முந்தின நாள், எப்படியும் எல்லார் வீட்டிலும் பழைய திரையைக் கழற்றிப் புதிது மாட்டுகிற நாள்.