பூதத்துக்கு உறை தைத்தவள்

எங்கள் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே ஆறடிக்கு எட்டடி இடம் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு தையல் இயந்திரம், ஒரு முக்காலி, சுவரோடு சேர்த்து அடித்த இருபது சின்ன இழுப்பறைகள். இழுப்பறை நிறைய ஜிப்புகளும் அவற்றில் ஓடும் ரன்னர்களும். பள்ளிக்கூடப் பையோ, பயணப் பெட்டியோ, கால்சட்டையோ, எதன் ஜிப் மாட்டிக்கொண்டாலும் ஊரார் அங்கேதான் வருவார்கள். முக்காலியில் உட்கார்ந்திருப்பவளுக்கு ஜிப் அக்கா என்று பெயர். வேறு பெயர் இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை.

எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடை என்னுடையது. பதினொரு வருஷம் அவளைப் பார்த்தபடியே தாள் அடுக்கியிருக்கிறேன். ஆள் குச்சி மாதிரி இருப்பாள். ஒருமுறை தண்ணீர் கேன் வாசலில் கிடக்க, நான் ஓடிப்போய்த் தம் பிடித்துத் தூக்கி அவள் கடைக்குள் வைத்தேன். மூச்சு இரைக்க, "இதெல்லாம் நீங்க தூக்கக் கூடாதுக்கா, முதுகு பிடிச்சுக்கும்" என்று அறிவுரை வேறு. அவள் பவ்வியமாகத் தலையாட்டினாள். இப்போது நினைத்தால் எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

ஏனென்றால் அவளுக்குப் பலம் அதிகம். அதிகம் என்றால் கொஞ்சநஞ்சமில்லை. ஐந்து வயதில் கட்டிலுக்கடியில் உருண்டுபோன பந்தை எடுக்கக் கட்டிலையே தூக்கியிருக்கிறாள். கட்டில் மேல் அப்பா, அம்மா, சித்தப்பா மூவரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் இருவரும் பேச்சு சுவாரசியத்தில் எதையும் கவனிக்கவில்லை. அம்மா மட்டும் குனிந்து பார்த்தாள்.

"இறக்குடி. மெதுவா. இதை யார்கிட்டயும் மூச்சு விடாத. தெரிஞ்சா ஊர் வேலையெல்லாம் உன் தலையில கட்டிடுவாங்க."

அந்தப் பேச்சை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள். உலகத்திலேயே சின்ன வேலை எதுவென்று தேடி, நகக்கண் அளவு ரன்னரைத் திருகி மாட்டும் தொழிலைக் கற்றுக்கொண்டாள். ஆரம்பத்தில் தொட்டதெல்லாம் கிழிந்ததாம். விரலை அடக்கப் பழகுவதற்கே நான்கு வருஷம் ஆனது.

கல்யாணமும் அந்த பலத்தால்தான் நடந்தது. தைத்த கோட்டைக் கொடுக்க ஒரு அலுவலகத்துக்குப் போனாள். லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே தொங்க, உள்ளே யாரோ ஒரு பெரியவர் உயிர் போகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தார். நான்காம் மாடியில் மெக்கானிக் கதவை நெம்பித் திறந்து வைத்துவிட்டுக் கருவிப்பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தார். பாவம் என்று இவள் உள்ளே கைவிட்டு, இரண்டு விரலால் இரும்புக் கயிற்றை இழுத்தாள். லிஃப்ட் வந்தது. பெரியவர் நன்றிகூடச் சொல்லாமல் ஓட்டம் பிடித்தார். இவள் திரும்பினால் மெக்கானிக் நிற்கிறார்.

"நீங்க எதையும் பார்க்கலையே?"

"நானா? நான் ஸ்பேனரைத் தேடிட்டு இருந்தேன்."

ஸ்பேனர் அவர் கையில் இருந்தது. கட்டினால் இவரைத்தான் கட்டுவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டாள்.

அவர்கள் வீட்டில் மாதம் இரண்டு குழாய்ப்பிடி கழன்று கையோடு வரும். மெக்கானிக் ஒரு வார்த்தை பேசாமல் வேறு மாட்டுவார். அப்படியே காலம் ஓடியிருக்கும். ஆனால் அந்த வீட்டில் மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள். மெக்கானிக்கின் தங்கை, அதாவது ஜிப் அக்காவின் நாத்தனார். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். காலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணிவரை மைக்கில் பேசுவாள். மீதி நேரம் மைக் இல்லாமல் பேசுவாள். தங்கமான பெண், ஆனால் அவள் வாயில் எதுவும் நிற்காது. அதனால் அண்ணியின் பலம் அவளுக்குத் தெரியாமலே வைத்திருந்தார்கள்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வண்டி நிறுத்தத் தரைக்கடியில் தளம் கட்டப் பள்ளம் தோண்டினார்கள். தோண்டத் தோண்ட மண் வந்தது, கல் வந்தது, ஒரு திங்கட்கிழமை காலை பூதம் வந்தது. மூன்று மாடி உயரம், மண் நிறம், தலையில் முடிக்குப் பதில் புல். வேலையாட்கள் பின்னங்கால் பிடரியில் பட ஓடினார்கள். பூதம் யாரையும் துரத்தவில்லை. நான்கு அடி வைத்து, நிலையத்தின் வெளிவாசலுக்குக் குறுக்கே உட்கார்ந்து, பெரிதாக ஒரு கொட்டாவி விட்டு, ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிவிட்டது.

உள்ளே நாற்பத்தொரு பேருந்துகள் மாட்டிக்கொண்டன. பயணிகள் பின்சுவர் ஏறிக் குதித்துத் தப்பித்தார்கள். அறிவிப்பாளர் அறை மட்டும் வாசலை ஒட்டி இருந்தது. அதற்கு ஒரே கதவு, கதவின் மேல் பூதத்தின் முதுகு. நாத்தனார் உள்ளே. ஜன்னல் கம்பி வழியாக ரொட்டியும் தண்ணீரும் கொடுத்தார்கள். மைக் வேலை செய்தது, அவளும் கடமை தவறவில்லை.

"பயணிகளின் கவனத்திற்கு. வெளிவாசலில் பூதம் படுத்திருப்பதால் எல்லாப் பேருந்துகளும் தாமதமாகப் புறப்படும்."

ஒரு மணி நேரம் கழித்து: "பயணிகளின் கவனத்திற்கு. பூதம் குறட்டை விடுவதால் இந்த அறிவிப்பு சரியாகக் கேட்காமல் போகலாம்."

மாலையில்: "யார் கவனத்திற்காவது. தயவுசெய்து என்னை வெளியே விடவும்."

தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடித்தது. பூதம் கண்ணைத் திறக்காமலே, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்று முதுகைக் காட்டியது. கிரேன் வந்தது. கயிறு அறுந்து கிரேன்தான் குப்புற விழுந்தது.

மறுநாள் காலை மெக்கானிக் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்.

"என்னங்க, கேட்டுடுங்க" என்றாள் ஜிப் அக்கா.

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"கேக்காம இப்படி நடந்தா தரை தேஞ்சுடும். அந்த மழைக்கோட்டையும் ஹெல்மெட்டையும் எடுங்க."

யாருக்கும் அடையாளம் தெரியக்கூடாது என்று கணவரின் மழைக்கோட்டைக் கழுத்துவரை பூட்டினாள். தலையில் ஹெல்மெட்டைக் கவிழ்த்தாள். அவசரத்தில் வாசலில் கிடந்த ஏதோ ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நிலையத்தில் நல்ல வெயில், ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. தடுப்புக் கட்டையருகே நின்ற போலீஸ்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, ஹெல்மெட் போட்டிருக்கீங்க. வண்டி எங்க?"

"நிறுத்திட்டு வந்தேன்" என்று தடுப்பைத் தாண்டினாள்.

பூதத்தின் விலாவுக்கடியில் கை கொடுத்தாள். ஒரு மூச்சு. தூங்கும் குழந்தையைத் தோளில் போடுகிற மாதிரி போட்டுக்கொண்டாள். அறைக்கதவு படாரென்று திறந்தது. கையில் மைக்கோடு நாத்தனார் வெளியே வந்தாள். மேலே பூதத்தைப் பார்த்தாள், நடுவில் ஹெல்மெட்டைப் பார்த்தாள், கீழே பார்த்தாள்.

"அண்ணி! அது என் செருப்பு!"

மைக் அணைக்கப்படவில்லை. பதினெட்டு ஒலிபெருக்கிகளும் ஒரே குரலில் அலறின. நான் கடையை அடைத்துவிட்டு வேடிக்கை பார்க்கப் போனவன், தண்ணீர் கேனை நினைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஊருக்கு வெளியே கைவிட்ட கல்குவாரி ஒன்று உண்டு. அங்கே கொண்டுபோய்விடலாம் என்று அவள் நடந்தாள். ஏழு கிலோமீட்டர். பாதி வழியில் பூதம் விழித்துக்கொண்டது.

"யாரு நீ?"

"ஜிப் தைக்கிறவ. ஆடாம வா, தோள் வலிக்குது."

"என்னை எழுப்பிட்டாங்க. எழுப்பின ஊரை நான் அழிச்சாகணும்."

"அப்புறம் ஏன் படுத்துத் தூங்கினே?"

பூதம் கூச்சப்பட்டது. "அழிக்கிறதுன்னா பெரிய வேலை. ஆரம்பிக்கறதுக்கு முன்னால சித்த கண்ணசரலாம்னு..."

"அழிக்கச் சொன்னது யாரு?"

"மேலிடம்."

"மேலிடத்துல இருந்து யாராவது வந்து பார்த்தாங்களா?"

"முன்னூறு வருஷமா ஒருத்தரும் எட்டிப் பார்க்கலை."

"அப்ப தூங்கினா யாருக்குத் தெரியப் போவுது?"

பூதம் ஒரு கிலோமீட்டர் தூரம் யோசித்தது. இப்படி ஒரு வழி இருப்பதே அதற்குத் தோன்றியிருக்கவில்லை. ஆனால் குவாரியில் இறக்கிவிட்டதும் புதுக் கவலை: வெளிச்சம் கண்ணில் குத்துகிறதாம். மண்ணுக்குள் இருந்து பழகிய உடம்பு. தூக்கம் வராவிட்டால் வேறு வழியில்லை, ஊரை அழிக்கத்தான் வேண்டும்.

ஜிப் அக்கா அதை மேலும் கீழும் பார்த்தாள். தோளிலிருந்து கால்வரை கயிறு பிடித்து அளவெடுத்தாள். லாரிக்காரர்கள் இருபத்திரண்டு தார்ப்பாய் கொடுத்தார்கள். கடையில் இருந்த ஜிப் சுருள்களையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்தாள். கைப்பிடி அளவு ரன்னரை மெக்கானிக் இரும்பில் அறுத்துக் கொடுத்தார். நான்கு நாள் தையல். ஐந்தாம் நாள் பூதம் உறைக்குள் நுழைந்தது.

"எப்படி இருக்கு?"

"தோள்பட்டைல கொஞ்சம் பிடிக்குது."

பிரித்து, ஒரு முழம் விட்டுத் தைத்தாள். உள்ளேயிருந்தும் திறக்கலாம், வெளியேயிருந்தும் திறக்கலாம், அப்படி ஜிப். பூதம் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "நல்லா இருப்பே" என்று சொல்லிவிட்டு முகத்தையும் மூடிக்கொண்டது. இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

பூதம் ஓய்ந்தது, ஊர் ஓயவில்லை. நகர்மன்றத் தலைவர் ஆள் அம்போடு வந்தார். ஊர்க் காவல் நாயகி என்று புதிதாகப் பதவி, அதற்கு உடுப்பு. சிவப்புச் சட்டை, முதுகில் தங்க நிறத்தில் ஒரு தொங்கல். ஜிப் அக்கா சட்டையை உள்பக்கம் புரட்டினாள்.

"இதை யாரு தைச்சது? ஓரம் மடிக்கவே இல்லை. கையைத் தூக்கினா அக்குள்ல பிளந்துடும். வியாழக்கிழமை வாங்க."

தலைவர் வியாழக்கிழமை வந்தார். சட்டை கச்சிதமாக இருந்தது. "இப்ப யாரு வேணும்னாலும் போட்டுக்கலாம்" என்று மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

தலைவரை அனுப்பியது போல ஊரை அனுப்ப முடியவில்லை. மாடிப்படியைச் சுற்றி வரிசை நின்றது. டயர் மாற்ற வண்டியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். பீரோவை மூன்றாம் மாடியேற்ற வேண்டும். ஊறுகாய் பாட்டில் மூடி திறக்க வேண்டும். அடுத்த வீட்டு ஜன்னலைப் பார்க்கப் பிடிக்காத ஒருவர், தன் வீட்டையே இரண்டடி தள்ளிவைக்கச் சொன்னார். தள்ளினாள். மறுவாரம் அடுத்த வீட்டுக்காரர் வந்து, பழைய இடத்திலேயே வைக்கச் சொன்னார். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல அவளுக்கு வராது.

இதில் என் கைங்கரியமும் உண்டு. வரிசை ஒழுங்காகட்டும் என்று மனுப் படிவம் ஒன்று நானே தயாரித்தேன். "தூக்க வேண்டிய பொருள், எடை, எவ்வளவு நேரம்" என்று கட்டம் போட்டுக் கட்டுக்கட்டாக அடித்தேன். நாத்தனார் தன் அறிவிப்புகளுக்கு நடுவே அது எங்கே கிடைக்கும் என்றும் சொல்லிவந்தாள். ஒரு மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள் ஜிப் அக்கா. கண் கலங்கியிருந்தது.

"மூணு வாரமா ஒரு பை கூடத் தைக்கலைங்க. தையல் மிஷின்ல தூசி படிஞ்சிருக்கு. நீங்க ஃபாரம் வேற அடிக்கிறீங்க."

மீதிப் படிவங்களை அன்றே திருப்பிப் போட்டுக் கணக்குத்தாளாக்கிவிட்டேன். நாத்தனாரிடமும் போய்ச் சொன்னேன். அவள் அழுதாள். அழுகையையும் மைக்கில்தான் அழுதாள்.

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். அவளை அந்தப் புளிப்புதான் காப்பாற்றியது. ஆறேழு மாதத்தில், அவள் பேருந்தைத் தூக்கிப் பிடித்தாலும், "கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கக் கூடாதா?" என்று குறை சொல்ல ஆரம்பித்தார்கள். பிறகு பக்கத்து ஊரில் ஒரு பெண் பறக்கிறாள் என்று செய்தி வந்தது. ஒரே வாரத்தில் வரிசை மொத்தமும் அங்கே போய்விட்டது.

"நிம்மதிக்கா" என்றேன் நான்.

"ஆமா" என்று ரன்னரைத் திருகினாள். கொஞ்ச நேரம் கழித்து, "பறந்து என்ன பிரயோஜனம்? ஒரு பீரோவைத் தூக்க முடியுமா?" என்றாள்.

போன மாதம் மெலிந்த பெண் ஒருத்தி படிக்குக் கீழே வந்து நின்றாள். கையில் ஒரு மேல்கோட்டு, ஜிப் பல்லெல்லாம் கொட்டிக் கிடந்தது.

"காத்துல பிச்சுக்கிச்சு" என்றாள் மெல்ல. "பறக்கறது நான்தான். பஸ்லதான் வந்தேன்."

ஜிப் அக்கா கோட்டை வாங்கிக்கொண்டாள். முக்காலியை அவள் பக்கம் தள்ளினாள்.

"அக்கா, உங்களை எப்படி விட்டாங்க? எங்க ஊர்ல மொட்டைமாடியில துணி எடுக்கக்கூட என்னைத்தான் கூப்பிடறாங்க."

"கூப்பிட்டா போ. எல்லாத்துக்கும் போ. கொஞ்ச நாள்ல அவங்களுக்கே சலிச்சுடும்." சாக்கட்டியால் கோட்டின் தோளில் ஒரு கோடு போட்டாள். "ஆனா ஒண்ணு. முதல் நாள் யாரும் திரும்பிப் பார்க்காம போறப்ப, லேசா வலிக்கும். அதுக்காகப் பறந்து காட்டிடாத."

அந்தப் பெண் தையல் முடியும்வரை முக்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து ஜிப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படியேற வந்த ஒரு அம்மாள், கையில் காய்கறிப் பையோடு, "கொஞ்சம் காலை மடக்கிக்கோம்மா, வழியில நீட்டிட்டு உட்கார்ந்திருக்கே" என்று அதட்டிவிட்டு மாடி ஏறினாள். பறக்கும் பெண் காலை மடக்கிக்கொண்டாள். அன்றைக்கு முதல்முறையாக அவள் சிரித்ததைப் பார்த்தேன்.