கம்பளி ஸ்டோரில் ஒரு மொஸ்கோ வகுப்பு

1. கெவின் இறங்கி வந்தார்

எங்கள் மனேஜர் கெவின் மாடியிலிருந்து கம்பளிக் கிடங்கான ஸ்டோருக்குள் இறங்கி வந்தால், யாருக்கோ வேலை போகப்போகிறது என்று அர்த்தம். அன்றைக்கு நேரே என்னிடம் வந்தார். நான் கொக்கியைக் கம்பளிப் பேலில் குத்தியபடியே நின்றேன். பேல் என்பது இரண்டு ஆள் பாரமுள்ள மூட்டை. சிட்னியில் எனக்குக் கிடைத்த முதல் வேலை அதை உருட்டுவது. இத்தனைக்கும் மொஸ்கோவில் ஆறு வருடம் இருந்து வாங்கிய இஞ்சினியர் டிப்ளோமா என்னிடம் இருந்தது. அதை இங்கே யாருக்கும் வாசிக்கத் தெரியாது. வாசித்துச் சொன்னாலும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுத் திருப்பித் தருவார்கள்.

கெவின் ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"நீ மொஸ்கோவிலை ஆறு வருஷம் இருந்தனி. செத்துப் போகேல்லை. என்ன?"

"இல்லை, கெவின்."

"அது எப்பிடி எண்டு கிளெனுக்கும் அவன்ரை மனுசிக்கும் சொல்லிக் குடு."

எழுபதுகளில் ரஷ்யர்கள் எங்கள் கம்பளியை நிறைய வாங்கினார்கள். அங்கே எங்கள் ஆள் ஒருவர் தங்கியிருந்தால் வியாபாரம் சுலபம். முதலில் போனவர் குளிர்காலம் தொடங்குமுன்பே திரும்பி வந்துவிட்டார். மனைவி ஒவ்வொரு நாளும் அழுதாவாம். அடுத்ததாகக் கிளெனும் அவர் மனைவி ஜோனும் போவதாக முடிவாகியிருந்தது.

"இவங்கள் குளிர்காலம் முடியுமட்டும் அங்கை நிண்டிட்டால், மேலை ரஷ்யா வேலைக்கெண்டு ஒரு மேசை போடுவம். நீ அதிலை இருக்கலாம். இவங்களும் திரும்பி வந்தால், மேசையும் இல்லை, ரஷ்யாவும் இல்லை. விளங்கிச்சோ?"

விளங்கியது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். ஊரில் நான் சிட்னியில் கதிரையில் இருந்து கையெழுத்துப் போடுவதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதிரை இனிக் கிளெனின் பொறுமையில் தங்கியிருந்தது.

2. வகுப்பு

மதியச் சாப்பாட்டு அறையில் வகுப்பு தொடங்கியது. கிளென் நல்ல உயரம். கதவால் வரும்போது பழக்கத்தில் தலை குனிவார். ஜோன் ஒரு பாடசாலைக் கந்தோரில் எழுத்து வேலை செய்து, அதை விட்டுவிட்டு வந்தவர். கேள்வி கேட்பதெல்லாம் அவர்தான்.

நான் என் முதல் வாரத்திலிருந்து தொடங்கினேன். மொஸ்கோவில் ஒரு கடையில் சொசேஜ் இறைச்சி வாங்க வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் விற்கிற மனுசி ரசீது கேட்டாள். ரசீது காசாளரிடம். அங்கே வேறொரு வரிசை. அதில் நின்று போனால் காசாளர் என்ன விலை என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. விலை கேட்க மறுபடியும் முதல் வரிசை. அன்றைக்குப் பாண் ரொட்டியை மட்டும் தின்றுவிட்டுப் படுத்தேன்.

"அப்ப ஒரு சொசேஜுக்கு மூண்டு வரிசையோ?" என்று ஜோன் கேட்டார்.

"ஓம். விலை பார்க்க ஒண்டு, காசு கட்ட ஒண்டு, சாமானை எடுக்க ஒண்டு."

"மூண்டிலையும் ஒரே நேரம் எப்பிடி நிக்கிறது?"

அதுதான் பாடத்தின் உயிர். கடைக்குள் போனதும் "கடைசி ஆள் யார்?" என்று கேட்க வேண்டும். ஒருவர் கையைத் தூக்குவார். "உங்களுக்குப் பின்னால் நான்" என்று அவரிடம் சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போகலாம். திரும்பி வரும்போது இடம் இருக்கும். சொல்லாமல் நின்றால் யாரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள். நல்ல வரிசை கண்டால் முதலில் சேர வேண்டும், என்ன விற்கிறார்கள் என்று பிறகு விசாரிக்கலாம்.

ஸ்டோர்க்காரர்களை வைத்து ஒத்திகை பார்த்தோம். பிஸ்கட் டின்னுக்கு ஒரு வரிசை, தேநீருக்கு ஒரு வரிசை. ஒரு கிரேக்கர் விற்பனைப் பெண்ணாக நடித்து எல்லாரையும் ஏசினார். அந்த வேலை அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. கோட்டைக் கொளுவித் தொங்கவிடக் கழுத்தடியில் வார் இல்லாவிட்டால், தியேட்டர் வாசலில் கோட்டுகளை வாங்கி வைக்கிற கிழவி ஏசுவாள், தொப்பியில்லாமல் வெளியே போனால் தெருவில் போகிறவளே ஏசுவாள் என்றெல்லாம் சொன்னேன். பூக்கொத்தில் இரட்டைப்படையில் பூ வைத்தால் அது செத்தவீட்டுக்கு என்றேன். ஜோன் எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொண்டார். கிளென் பிஸ்கட் தின்றார்.

3. சிவநேசன் அண்ணை கேட்டது

அப்போது நான் சிட்னியின் புறநகரான பென்டில் ஹில்லில் சிவநேசன் அண்ணையோடு ஒரு வீட்டில் இருந்தேன். அவருக்கு றெயில்வே பட்டறையில் வேலை. குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டே என் வகுப்பைப் பற்றிக் கேட்டார்.

"அவை கொம்பனி ஆக்களடா. டொலர் வைச்சிருக்கிற சனம். நீ ஹொஸ்டலிலை கிடந்து பார்த்த மொஸ்கோவையே அவையும் பார்க்கப்போகினம்?"

"மொஸ்கோ ஒண்டுதானே, அண்ணை."

"ஓமோம். சிட்னியும் ஒண்டுதான். கெவின் எங்கை இருக்கிறார், நீ எங்கை இருக்கிறாய்?"

வெங்காயம் அவர் வெட்டினார், கண் எனக்கு எரிந்தது.

4. டெலெக்ஸ்

கிளென் போய்ச் சேர்ந்த பிறகு அவரிடமிருந்து வந்த டெலெக்ஸ் தந்தியைக் கெவின் ஸ்டோர் முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். வெளிநாட்டுக்காரருக்கென்றே தனி மாடிவீடு, வாசலில் பொலிஸ் காவல். அவர்களுக்கென்றே தனிக் கடை, டொலரில் விலை. இறைச்சி, சீஸ், விஸ்கி எல்லாம் உண்டு. வரிசை ஒன்றையும் காணோம். கடைசியில், "அந்தப் பெடியன் எந்த ஊரைப் பற்றிச் சொன்னவன்?" என்று ஒரு கேள்வி.

ஸ்டோரே சிரித்தது. கிரேக்கர் மட்டும் சிரிக்கவில்லை, அவருடைய நடிப்பு வீணாய்ப் போன கவலை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இவ்வளவு வசதிக்குள்ளும் முதல் போன மனுசி அழுதாள் என்றால் எதற்காக அழுதாள்? வீட்டுக்குள் பகல் முழுக்கத் தனியே இருந்து, கடைக்குப் போனாலும் யாரோடும் ஒரு வார்த்தை பேச வேண்டியில்லாமல் திரும்பி வந்திருப்பாள். அதற்கு என் வகுப்பில் ஒரு பாடமும் இல்லை. என் மேசை போய்விட்டது என்றே முடிவெடுத்தேன்.

5. அலுமாரி

குளிர்காலம் முடிந்து கிளென் லீவில் வந்தார். தனியே வந்தார். ஜோன் எங்கே என்று கெவின் கேட்டபோது நான் படியடியில் நின்றேன்.

"அவள் வரமாட்டாளாம். அலுமாரி வரிசையிலை இடம் பிடிச்சு வைச்சிருக்கிறாள்."

"என்ன வரிசை?"

"அலுமாரிக்கு மாதக்கணக்கிலை வரிசை. இடைக்கிடை பேர் கூப்பிடுவினம். ஆள் நிக்காட்டிப் பேரை வெட்டிப்போடுவினம். தனக்கில்லை, ரஷ்யச் சிநேகிதி ஒருத்திக்காக நிக்கிறாள். ஒரு நாளிலை மூண்டு கிழவியளிட்டை ஏச்சு வாங்காட்டி அவளுக்குச் சாப்பாடு இறங்காது. நல்ல ரஷ்யன் கதைக்கிறாள், என்னையும் அதிலைதான் ஏசுறாள்."

"ஏன், உங்கடை டொலர்க் கடையிலை அலுமாரி இல்லையே?"

"இருக்கு. அங்கை வரிசை இல்லையே!"

கெவின் சொன்ன சொல் தவறவில்லை. மேலே ஜன்னலோரத்தில் மேசை போட்டார்கள். கதிரைக்கு ஒரு கால் கொஞ்சம் ஆடும். இந்த விஷயத்தில் நான் படித்தது ஒன்று. பிறருக்கு வழி சொல்லப் போகிறவன் முதலில் அவர்கள் எந்த வாசலால் நுழையப்போகிறார்கள் என்று கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. பிழையான பாடத்தை ஒழுங்காகப் படித்த ஒரு மனுசியின் புண்ணியத்தில் என் உத்தியோகம் ஓடியது.

பிறகு கிளெனின் இடத்துக்கு இன்னொருவர் போக ஆயத்தமானார். மனைவியோடு என் மேசைக்கு முன்னால் வந்து இருந்தார்.

"உண்மையைச் சொல்லும். அங்கை என்ன கஷ்டம்?"

"உங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை," என்றேன். மனைவியின் முகம் மலர்ந்தது. அவரைப் பார்த்து, "அம்மா, அதுக்குத்தான் நீங்கள் ஆயத்தமாகவேணும்," என்றேன்.