பெற்றுக்கொண்டவர் கையெழுத்து

நாணயத்தைச் சுண்டுவதற்காக நடுவர் கட்டைவிரலை மடக்கும்போதே அவள் குனிந்து, காலடியில் இருக்கும் அட்டைப் பெட்டியைத் தூக்கிவிடுவாள். மூலை நசுங்கி, பழுப்பு டேப் நாலு சுற்று சுற்றிய நீளப் பெட்டி. அதை வலைக்கு மேலாக எதிராளியிடம் நீட்டி, "இது உங்களோடதான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. உள்ள ஒரு டென்னிஸ் பேட் இருக்கு" என்பாள். எதிராளி நடுவரைப் பார்ப்பாள். நடுவர் ஆகாயத்தைப் பார்ப்பார். "இல்லை" என்று பதில் வந்ததும், "தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் அம்புக்குறி மேலே பார்த்திருக்கும்படி வைப்பாள். பிறகு அந்த எதிராளியை ஒன்றேகால் மணி நேரத்தில் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்புவாள்.

வயது இருபத்தைந்து. இந்த விளையாட்டில் அந்த வயதுக்காரர்கள் முழங்காலுக்கு இரண்டாவது ஆபரேஷனும் முடித்துவிட்டு, ஓய்வு பெற்றபின் என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள். இவளோ டென்னிஸ் மட்டையை முதன்முதலாகக் கையில் பிடித்து இரண்டு வருஷம் நாலு மாதம்தான் ஆகிறது. உலகத் தரவரிசையில் இப்போது முப்பத்தேழாவது இடம். விளையாட்டுப் பத்திரிகைகள் அவளுக்கு எத்தனையோ பட்டம் சூட்டிப் பார்த்துவிட்டன, ஒன்றும் ஒட்டவில்லை. அவள் வேலை பார்த்த பார்சல் கிடங்கில் வைத்த பெயர்தான் நிலைத்தது: ஒன்பதாம் பெல்ட்.

அந்தக் கிடங்கில் பன்னிரண்டு பெல்ட்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றின் முனையிலும் ஒருவர் நிற்பார். பெட்டிகள் வரும், முகவரியை ஒரு நொடியில் படித்து, எந்தத் திசைக்கோ அந்தக் கூண்டுக்குள் கையால் தட்டிவிட வேண்டும். ஒன்பதாம் பெல்ட்டில் அவள் மூன்று வருஷம் நின்றாள். இடது கை, வலது கை என்ற பேதமே அவளுக்குக் கிடையாது. பெட்டி பத்தடி தள்ளி வரும்போதே எழுத்தைப் படித்துவிடுவாள். தட்டும்போது "வடக்கு", "மேற்கு" என்று வாய்விட்டுச் சொல்வது அங்கே எல்லாருக்கும் உள்ள பழக்கம். சொல்லாவிட்டால் கை தூங்கிவிடும் என்பார்கள்.

ஒருநாள் காலையில் அண்ணனோடு சண்டை போட்டுவிட்டு வேலைக்கு வந்திருந்தாள். அந்தக் கோபத்தில், நீளமாக வந்த ஒரு பெட்டியைக் கொஞ்சம் பலமாகத் தட்டிவிட்டாள். பெட்டி கூண்டைத் தாண்டிப் பறந்து தூணில் மோதி வாயைப் பிளந்தது. அதன் முகவரிச் சீட்டு பெல்ட்டின் உருளைக்குள் போய்த் துகளாக வெளியே வந்தது. அனுப்பியவர் யார், பெறுபவர் யார் என்பதற்கு ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை. தரையில் ஒரு டென்னிஸ் மட்டையும் இன்னொரு பொருளும் கிடந்தன.

கிடங்கு சூப்பர்வைசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். சட்டைப் பையில் நாலு நிறத்தில் பேனா வைத்திருக்கும் மனிதர்.

"இந்தக் கிடங்குல ஒரு பார்சல்கூட ஆள் தெரியாம நின்னதில்ல. நீதானே அடிச்சே? நீயே கொண்டுபோய்ச் சேத்துடு."

"யாருக்குன்னு தெரியலையே சார்."

"டென்னிஸ் ஆடுறவங்களுக்குத்தான். பின்னே, பல் டாக்டருக்கா அனுப்புவாங்க? போய்க் கேளு. ஆமான்னு சொல்றவங்க உள்ள இருக்கிற இன்னொரு பொருள் என்னன்னும் சொல்லணும். சரியாச் சொன்னா கையெழுத்து வாங்கிக்கிட்டுக் குடு. அனுப்பினவங்களா இருந்தாலும் சரி, வாங்க வேண்டியவங்களா இருந்தாலும் சரி. குடுத்த மறுநாள் காலைல எட்டு மணிக்கு பெல்ட்ல நிக்கணும்."

வெளிவேலைச் சீட்டு ஒன்றை எழுதி நீட்டினார். பணி: பார்சல் ஒப்படைத்தல். காலம்: ஒப்படைக்கும் வரை. பச்சை மையில் கையெழுத்து. ஒன்பதாம் பெல்ட் பெட்டியை டேப் போட்டு ஒட்டி, ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, கொண்டைக்குள் ஒரு பேனாவைச் செருகிக்கொண்டு கிளம்பினாள். அன்றிலிருந்து கையெழுத்துக்கு எடுப்பதைத் தவிர அந்தப் பேனா கொண்டையிலேயே இருந்தது.

பக்கத்து டென்னிஸ் சங்கத்தில் யாரும் பெட்டிக்குச் சொந்தம் கொண்டாடவில்லை. போட்டிக்கு வருகிறவர்களைக் கேட்கச் சொன்னார்கள். போட்டி நடக்கும் இடத்தில் வாசல் காவலர், ஆட்டக்காரர்களைத் தவிர யாரையும் விட மாட்டேன் என்றார். "அப்போ ஆடுறவங்க லிஸ்ட்ல என்னையும் சேத்துக்கோங்க" என்று பெயரைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். முதல் எதிராளியிடம் பெட்டியைக் காட்டினாள், 'இல்லை' என்ற பதிலை வாங்கிக்கொண்டாள், இருபத்தெட்டு நிமிஷத்தில் தோற்றாள். தோற்றவர்கள் வெளியே போக வேண்டும் என்றதும்தான் இந்த விளையாட்டின் சூட்சுமம் அவளுக்குப் புரிந்தது. அடுத்த ஆளைக் கேட்க வேண்டுமென்றால் இந்த ஆளை ஜெயித்தாக வேண்டும்.

நேரே சங்கத்துப் பயிற்சியாளரிடம் போனாள். எப்போதும் எதையாவது மென்றுகொண்டே இருப்பவர் அவர்.

"எப்படி ஜெயிக்கிறதுன்னு சொல்லிக் குடுங்க சார். கொஞ்சம் சீக்கிரம். இது டியூட்டி டைம்."

அவர் சிரித்துக்கொண்டே ஒரு பழைய மட்டையைக் கொடுத்தார். பெட்டிக்குள் இருப்பது நல்ல மட்டை, அதை எடுத்து ஆடேன் என்று அவர் பிற்பாடு எத்தனையோ முறை கெஞ்சியதுண்டு. "கஸ்டமர் பொருள் சார்" என்று அவள் காதைப் பொத்திக்கொள்வாள். அன்றைக்கு அவர் வேடிக்கையாக ஒரு பந்தை அடித்தார். "தெற்கு" என்று சொல்லித் திருப்பி அடித்தாள். அடுத்த பந்து. "கிழக்கு." நாற்பது நிமிஷம் கழித்து பயிற்சியாளர் வாயில் மென்றுகொண்டிருந்ததை விழுங்கிவிட்டார். அவள் ஒரு பந்தைக்கூடத் தவறவிடவில்லை.

ஆனால் எல்லாப் பந்தையும் அவர் கைக்கே கொண்டுபோய்ச் சேர்த்தாள். இதை மாற்றத்தான் மனிதர் படாதபாடு பட்டார். எதிராளிக்கு எட்டாத இடத்தில் அடி என்றால், "எட்டாத இடத்துல போட்டா அது டெலிவரி ஆகாதே சார்" என்பாள். கடைசியில், எதிராளிக்கு அப்பால் மூலையில் ஒரு கூண்டு இருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். அவ்வளவுதான், பந்து போய் மூலையில் விழத் தொடங்கியது. பந்து போகும் திசையை முன்கூட்டியே அறிவிக்கும் பழக்கத்தை மட்டும் யாராலும் நிறுத்த முடியவில்லை. எதிராளிகள் அதை ஏமாற்று வேலை என்று நினைத்து நேர்மாறான பக்கம் ஓடினார்கள். நடுவர்கள் எச்சரித்தபின் இப்போது உதட்டை மட்டும் அசைக்கிறாள்.

உள்ளூர்ப் போட்டியில் இருந்த அத்தனை பேரும் இல்லை என்றார்கள். ஆகவே மாநிலப் போட்டி. அங்கேயும் இல்லை. ஆகவே அதற்கும் மேலே. இப்படி 'இல்லை'களின் மேல் கால் வைத்து ஏறித்தான் முப்பத்தேழாவது இடத்துக்கு வந்திருக்கிறாள். எப்படி இவ்வளவு சீக்கிரம் முன்னேறினீர்கள் என்று நிருபர்கள் மைக்கை நீட்டினால், "கீழ இருந்தவங்க யாரோடதும் இல்லைங்க" என்கிறாள். அதைத் தன்னடக்கம் என்று ஒரு பத்திரிகையும் திமிர் என்று இன்னொரு பத்திரிகையும் எழுதின.

ரசிகர்கள் நோட்டை நீட்டினால் கையெழுத்துப் போட்டு, கீழே தேதியும் நேரமும் எழுதி, "நல்ல நிலையில் உள்ளது" என்று சேர்ப்பாள். ஒரு கம்பெனி ஆறு புது மட்டைகளை அனுப்பியபோது, கொண்டுவந்தவர் கையெழுத்து வாங்க மறந்துவிட்டார். வாசல்வரை துரத்திக்கொண்டு ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் சூப்பர்வைசர் போன் செய்வார். டென்னிஸ் என்றால் எத்தனை பேர் ஆடுவது என்றுகூட அவருக்குத் தெரியாது.

"ஒப்படைச்சாச்சா?"

"இல்லைங்க சார்."

"ம். முயற்சியை விடாதே."

அம்மாவின் கவலை வேறு. பெண்ணுக்குக் கிடங்கில் நிரந்தர வேலை, அதற்கு வேட்டு வைக்க ஒரு விளையாட்டு வந்துவிட்டதே என்று. காலிறுதிக்குப் போய்விட்டேன் என்று போனில் சொன்னால், "ஐயையோ, இன்னும் முடியலையா? சட்டுபுட்டுன்னு தோத்துட்டு வந்து சேரு. அந்த இடத்துல வேற யாரையாவது போட்டுறப் போறாங்க" என்பாள்.

பொய்யாகச் சொந்தம் கொண்டாடியவர்களும் உண்டு. அவளைக் குழப்புவதற்காக ஒருத்தி, "ஆமாம், என்னோடதுதான்" என்றாள். ஒன்பதாம் பெல்ட்டின் முகம் மலர்ந்துவிட்டது. பேனாவை உருவினாள், ரசீதுப் புத்தகத்தைத் திறந்தாள். "ரொம்ப சந்தோஷங்க. உள்ள இன்னொரு பொருள் இருக்கு, அது என்னன்னு மட்டும் சொல்லிடுங்க" என்றாள். அந்தப் பெண் சாக்ஸ் என்றாள். பிறகு துண்டு என்றாள். பிறகு ஒரு செட்டில் ஒரு கேம் எடுத்துத் தோற்றுப்போனாள்.

இதெல்லாம் போன மாதம்வரை. இந்தப் பெரிய போட்டிக்கு வந்ததிலிருந்து ஒன்பதாம் பெல்ட்டின் கேள்வியில் ஒரு மாற்றம். முன்பு பெட்டியை நன்றாக நீட்டி, நிதானமாகக் கேட்பாள். இப்போது பாதி நீட்டி, வாய்க்குள்ளேயே வேகவேகமாக முணுமுணுக்கிறாள். 'இல்லை' என்று வந்ததும் அவள் தோள் இறங்குவதைப் பயிற்சியாளர் கவனித்துவிட்டார். ஏமாற்றத்தில் இறங்குகிற தோள் அல்ல அது.

அரையிறுதிக்கு முந்தின நாள் மத்தியானம் ஆட்டம் எதுவும் இல்லாதபோதே சூப்பர்வைசர் போன் செய்தார். ஒன்பதாம் பெல்ட்டுக்குப் புது உருளை போட்டாகிவிட்டதாம். அவளுடைய ஏப்ரனைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறாராம். "சரிங்க சார்" என்று போனை வைத்தவள், பயிற்சியில் ஒரு மணி நேரம் திசை சொல்லாமலே பந்தை அடித்தாள். உதடுகூட அசையவில்லை. பிறகு தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடிக்காமலே மூடினாள்.

"நாளைக்கு அவங்க ஆமான்னு சொல்லிட்டா என்ன சார் பண்றது?"

"சொல்லட்டுமே. குடுத்துட்டு ஆடு."

"குடுத்துட்டா டியூட்டி முடிஞ்சுதே. அப்புறம் எதுக்குன்னு ஆடுறது?"

பயிற்சியாளர் மெல்லுவதை நிறுத்தினார். "ஏம்மா, உனக்கு ஆடப் பிடிக்கலையா?"

"பிடிக்கும் சார். அதைச் சீட்டுல எந்த இடத்துல எழுதுறது?"

பிடிக்கும் என்பதை அவளே அன்றுதான் முதல்முறையாகக் காதால் கேட்டாள். தரவரிசையில் மேலே இருந்தவர்களையும் போட்டிக்குப் போட்டி கேட்டு முடித்தாகிவிட்டது, இன்னும் கேட்கப்படாதவர்கள் இரண்டே பேர். அந்த இரண்டு பேரில் யாரோ ஒருவருக்குத்தான் பெட்டி போய்ச் சேர வேண்டும். அவளுக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது.

அரையிறுதி எதிராளி உலகத்தில் இரண்டாம் இடக்காரி. கடிகாரம் என்று கூப்பிடுவார்கள். மூன்றரை வயதில் ஆட ஆரம்பித்தவள். அவளுடைய அப்பா எந்த ஆட்டத்திலும் முதல் வரிசையில் ஸ்டாப்வாட்ச்சோடு உட்கார்ந்திருப்பார். பயிற்சியில் மகள் தண்ணீர் குடிக்கிற நேரத்தையும் அளப்பவர் என்று சொல்வார்கள். அன்றைக்கும் அவர் கட்டைவிரல் பொத்தான்மேல் தயாராக இருந்தது.

நாணயம் மேலே போனது. ஒன்பதாம் பெல்ட் பெட்டியைப் பாதி நீட்டி, முணுமுணுத்து, பதில் வருமுன்பே இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். கடிகாரம் வலைக்கு மேல் கை நீட்டி, நசுங்கிய மூலையைத் தொட்டாள். நாணயம் கீழே விழுந்ததை இருவரும் பார்க்கவில்லை.

"இதுக்குள்ள ஒரு கதவுக் கைப்பிடி இருக்கா?" என்று மெல்லக் கேட்டாள். "பித்தளையில. ஒரு ஸ்க்ரூ வளைஞ்சிருக்கும்."

ஒன்பதாம் பெல்ட்டின் கை தானாகக் கொண்டைக்குப் போய்ப் பேனாவைப் பிடித்தது. இரண்டு வருஷம் நாலு மாதமாக ஒருவருக்கும் சொல்லாத பொருள் அது.

"பயிற்சி பண்ற ரூமை அப்பா வெளியில இருந்து பூட்டுவாரு," என்றாள் கடிகாரம், உதட்டை அதிகம் அசைக்காமல். "ஒருநாள் அந்தக் கைப்பிடியைக் கழட்டி, பேட்டையும் சேத்துப் பெட்டியில போட்டு, இல்லாத ஒரு அட்ரஸை எழுதி அனுப்பிட்டேன். இனிமே ஆட வேண்டாம்னுதான். சாயங்காலமே வேற பேட் வாங்கிட்டு வந்துட்டாரு." முதல் வரிசைப் பக்கம் அவள் கண் ஓடித் திரும்பியது. "யார் அனுப்பினதுன்னு அதுல எழுதியிருக்கா? என்னோடது தானா அது?"

அனுப்பியவர் என்றாலும் கொடுக்கலாம். இரண்டு பொருளும் சரி, வளைந்த ஸ்க்ரூகூடச் சரி. கையெழுத்து வாங்கினால் முடிந்தது. நாளைக் காலை எட்டு மணிக்குப் புது உருளை, துவைத்த ஏப்ரன், அம்மாவுக்கு நிம்மதி. நடுவர் யார் முதலில் சர்வீஸ் என்று இரண்டாம் தடவையாகக் கேட்டார். அவள் வலைக்கு அந்தப் பக்கத்து மூலையைப் பார்த்தாள். வெள்ளைக் கோடு புதிதாக அடித்து, வெயிலில் பளிச்சென்று இருந்தது.

"இல்லைங்க," என்றாள் ஒன்பதாம் பெல்ட். "உள்ள இருக்கிறது ஒரு மூக்குக் கண்ணாடி."

கடிகாரம் அவளையே பார்த்தாள். பிறகு, மூன்றரை வயதிலிருந்து அடக்கி வைத்திருந்த மாதிரி ஒரு பெருமூச்சு விட்டாள். "அப்போ வேற யாரோடதோ," என்றாள்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும்."

ஒன்பதாம் பெல்ட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாற்காலிக்கு வந்தாள். அம்புக்குறி மேலே பார்க்கும்படி வைத்தாள். கொண்டையிலிருந்து பேனாவை உருவி மூடி போட்டு, பெட்டியின் டேப்பை ஓரத்தில் கொஞ்சம் உரித்து, பேனாவை உள்ளே நழுவவிட்டு, மறுபடி கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள்.