ஒரு மணி நேரம் வேகமாக ஓடிய கடிகாரம்

போன வாரம் ஹைதராபாத் அமீர்பேட்டில் எலும்பு டாக்டரிடம் முழங்காலைக் காட்டப் போனேன். என் பேரன் வயதுதான் இருக்கும் அந்தப் பிள்ளைக்கு. "தினமும் நாற்பது நிமிஷம் வாக்கிங் போங்கம்மா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடக்காமல் உட்கார்ந்திருந்ததால் மானம் போன கதை ஒன்று என்னிடம் உண்டு. வெளியே பதினைந்து பேர் காத்திருக்கும்போது அதை அவரிடம் சொல்ல முடியுமா? உங்களிடம் சொல்கிறேன்.

மௌலா அலி பக்கம் ஒரு சர்க்கார் தொழிற்சாலையில், டைம் ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்து அப்போது நாலு மாதம். முதல் ஆறு மாதம் புரொபேஷன். செகந்திராபாத்திலிருந்து கம்பெனி பஸ் வரும். அதற்கென்று ஒரு வாசனை உண்டு: டீசல், மல்லிகைப்பூ, ஃபிட்டர் செல்லையா அண்ணனின் டிபன் கேரியரிலிருந்து கசியும் கோங்கூரா, நம்ம ஊர்ப் புளிச்சக்கீரை. அண்ணன் திருநெல்வேலிக்காரர், மனைவி குண்டூர். நாக்கை மட்டும் மதம் மாற்றிவிட்டாள் என்பார்.

என் பக்கத்து இடம் லூர்து அக்காவுக்கு. பேக்கிங் பிரிவில் கேஷுவல் தொழிலாளி. மாதா மாதம் புதிதாகக் கூப்பிட்டால்தான் வேலை. அவர் கணவர் வேலை பார்த்த மில் மூடி எட்டு மாதமாகியிருந்தது, வீட்டில் மூன்று பிள்ளைகள். அக்காவின் கார்டை நம்பித்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

கார்டு என்றால் வருகைக் கார்டு. வாசலில் இருந்த கடிகாரத்தில் அதைச் செருகிப் பிடியை அழுத்தினால் நேரம் அச்சாகும். எட்டு ஐந்து வரை நீலம், அதற்கு மேல் சிவப்பு. மாதத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் நிரந்தரக்காரருக்கு அரை நாள் லீவு போகும். கேஷுவலுக்கு அடுத்த மாத வேலையே போகும். அந்தப் பட்டியலை எடுப்பது நான்.

பெட்ரோல் விலை ஏறி, ஆர்டர்கள் குறைந்து, கம்பெனிக்குக் கையைக் கடித்த வருடம் அது. சிக்கனம் சிக்கனம் என்று மேலே கூடிப் பேசினார்களே, எதில் ஆரம்பித்தார்கள் தெரியுமா? கெஸ்ட் ஹவுஸ் பிரியாணியில் இல்லை, பஸ்ஸில். இனி நிரந்தரத் தொழிலாளர்கள் மட்டும்தான் ஏறலாமாம். பஸ் அதே பஸ், டீசல் அதே டீசல். பன்னிரண்டு கேஷுவல்களை இறக்கியதில் என்ன மிச்சமாயிற்றோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

திங்கட்கிழமை டிரைவர் ஹமீத் பாய் படியில் கையைக் குறுக்கே நீட்டினார். "நக்கோம்மா, ஏறாதீங்க, ஆர்டர் வந்துச்சி" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். டவுன் பஸ் பிதுங்கிக்கொண்டு வந்து நிற்காமல் போயிற்று. நடந்தே வந்தார்கள். ஒன்பது மணி, சிவப்பு. செவ்வாயும் சிவப்பு. நானும் பெரிய புத்திசாலி மாதிரி, "கொஞ்சம் முன்னாடியே கிளம்பலாமேக்கா" என்றேன்.

"குழாய்ல தண்ணி வர்றதே ஆறு மணிக்குடி. முனிசிபாலிட்டிகிட்ட நீயே சொல்லேன்" என்றார் அக்கா.

புதன்கிழமை பஸ் கிளம்பும் நேரம். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடக்க ஆரம்பித்ததை செல்லையா அண்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்தார். எழுந்தார். "எனக்கும் தொப்பை இருக்கு, நடந்தா குறையும். பாய், நீங்க போங்க" என்று இறங்கிவிட்டார். அவர் பின்னால் ஒருவர், இருவர், கடைசியில் மொத்த பஸ்ஸும்.

நான் மட்டும் இறங்கவில்லை.

ஹமீத் பாய் திரும்பிப் பார்த்தார். "கைக்கு பேட்டி, ஏன் மகளே உட்கார்ந்திருக்கே? கால் வலியா?"

"புரொபேஷன், பாய்."

அவர் கியரைப் போட்டார். அவ்வளவு பெரிய பஸ்ஸில் மகாராணி மாதிரி தனியாகப் போனேன். நடப்பவர்களைத் தாண்டியபோது, அறுந்துபோகாத செருப்பு வாரைக் குனிந்து சரிசெய்தேன். அப்படி ஒரு வெட்கம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

எட்டு மணிக்கு மேனேஜர் வந்து பார்த்தார். ஈ காக்கை இல்லை. "வேர் இஸ் எவ்ரிபடி?"

"வாக்கிங், சார்."

ஒன்பது மணிக்கு வேர்க்கடலை கொறித்தபடி கல்யாண கோஷ்டி மாதிரி வந்தார்கள். கார்டு மேல் கார்டாகச் சிவப்பு விழுந்தது. அக்காவுக்கு மூன்றாவது. செல்லையா அண்ணன் நேராக மேனேஜரிடம் போனார். "இந்தக்கா கார்டை எடுத்தா எங்க கார்டையும் சேர்த்து எடுத்துக்குங்க சார். நாளைக்கும் நடப்போம். காலைக் காத்து நல்லாத்தான் இருக்கு."

மேனேஜர் மெட்ராஸில் படித்தவர், தமிழ் நன்றாகவே புரியும். மேலிடத்து உத்தரவை அவரால் மாற்ற முடியாது, ஆளில்லாமல் மெஷினை ஓட்டவும் முடியாது. பாவம், என்னைப் பார்த்தார். என் வாய் தானாகத் திறந்தது.

"சார், கடிகாரம் வேகமா ஓடுதோ என்னவோ..."

"எவ்வளவு வேகம்?"

"ஒரு மணி நேரம் சார்."

அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அண்ணனின் வேர்வையில் நனைந்த சட்டையைப் பார்த்தார். "எழுதும்மா" என்றார்.

எழுதினேன். கடிகாரம் பழுது, இந்த வாரச் சிவப்புகள் செல்லாது, பழுது நீங்கும்வரை குழப்பம் நேராதிருக்க அனைவரும் கம்பெனி பஸ்ஸிலேயே வரவும். சர்க்கார் கோப்பில் நான் எழுதிய முதல் பொய். அதற்குப் பிறகு எழுதிய உண்மைகள் எதுவும் அவ்வளவு உபயோகப்படவில்லை.

வியாழக்கிழமை அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கன்னத்தைக் கிள்ளினார். "நீ நடக்காட்டி என்னடி, கடியாரத்தை ஓட விட்டியே." அன்று அந்தக் கடிகாரம் சமர்த்தாக எட்டு மணிதான் காட்டியது. யாரும் கேட்கவில்லை. வருடா வருடம் ஆடிட்டில் கேட்பார்கள், 'பழுது நிலுவையில்' என்று எழுதிவிடுவேன். இப்படியே பத்து வருடம் ஓடிற்று.

பிறகு மேலே ஆட்கள் மாறினார்கள். ஒரு நாள் மெக்கானிக் வந்து கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த வாரமே கேஷுவல்களின் கார்டுகளை எடுத்துவிடச் சொன்னார்கள். இனி அவர்கள் கான்ட்ராக்டரின் ஆட்கள். லூர்து அக்காவுக்கு வேலை போகவில்லை, கார்டுதான் போயிற்று. லாரியில் பின்வாசல் வழியாக வந்தார். எப்போது வந்தார், எப்போது போனார் என்று எங்கள் ஆபீஸில் ஒரு தாளிலும் இல்லை.

செல்லையா அண்ணன் ரிட்டயராகியிருந்தார். பஸ்ஸில் பன்னிரண்டு இடம் காலி. அவற்றில் பையையும் டிபன் கேரியரையும் வைத்துக்கொண்டு சௌகரியமாகப் போனோம். இறங்கி நடக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். இத்தனைக்கும் அப்போது என் வேலைக்கு ஒரு ஆபத்தும் இல்லை.