யோனா மீன் வயிற்றில் இருந்த எழுபது நாள்

யோனா தீர்க்கதரிசியை மீன் விழுங்கிய இடத்தில் என் குரல் நின்றுபோனது.

சின்னாளபட்டித் தறிக்காரர் தெருவில், நாகம்மாள் வீட்டில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை அது நடந்தது. "அந்த மீனு வாயைத் தொறந்துச்சு பாருங்க" என்று இரண்டு கையையும் விரித்தேன். அதற்குமேல் வெறும் காற்றுதான் வந்தது. செருமினேன். தண்ணீர் குடித்தேன். மறுபடியும் காற்று. சுற்றி உட்கார்ந்து, தறிக்கு வேண்டிய நூலைக் குழலில் ஏற்றித் தார் சுற்றிக்கொண்டிருந்த பெண்கள், நான் வேடிக்கை காட்டுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். நானும் சிரித்துப் பார்த்தேன். சத்தமே இல்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

என் பெயர் மார்த்தாள். திண்டுக்கல்லில் குடியிருக்கிறேன். புருஷன் இறந்த பிறகு சபை எனக்கு ஒரு வேலை கொடுத்தது. வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதக்கதை சொல்லும் வேலை. சபையில் அதற்குப் பைபிள் உமன் என்று பெயர். தறிக்காரர் தெருவில் நான் வேதக்காரம்மா. அவர்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். கதை கேட்க அது ஒருநாளும் தடையாக இருந்ததில்லை. வீட்டுக்கு வீடு குழித்தறி. ஆண்கள் குழிக்குள் காலை விட்டு மிதிப்பார்கள், ஊடைநூலை இழுத்துக்கொண்டு நாடாக்கட்டை இங்கும் அங்கும் ஓடும், தெரு முழுக்கச் சடக் சடக் என்று ஓயாத சத்தம். அதற்கும் மேலே கத்தித்தான் பதினோரு வருடம் கதை சொன்னேன். பிள்ளையில்லாத, புருஷனில்லாத எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமைகள்தான் எல்லாம்.

நான் சொல்கிற விதம் சபையில் சிலருக்குப் பிடிக்காது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பேதுருவின் மாமியாருக்குக் காய்ச்சல் விட்டது, உடனே எழுந்து எல்லாருக்கும் பணிவிடை செய்தாள் என்று வேதத்தில் இருக்கிறது. "மருமகன் ஒரு செம்புத் தண்ணியாச்சும் மோந்து குடுத்தாரா?" என்று கேட்பேன். நோவாவின் பேழைக்குள் அத்தனை ஆடு, மாடு, யானை. "சாணி அள்ளுனது யாரு? நோவா பேரு வேதத்துல இருக்கு, அவரு மகன் மூணு பேரு பேரும் இருக்கு. சாணி அள்ளுன நோவா பெஞ்சாதி பேரு மட்டும் இல்ல தாயி!" என்பேன். நாள் முழுக்கத் தார் சுற்றிப் புருஷன் கைக்குக் கொடுக்கிற பெண்கள் அவர்கள். அந்தச் சிரிப்பைக் கேட்க நீங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும். குழிக்குள் இருந்த ஆண்களும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்கள்.

பத்து நாள் கஷாயம், சுக்கு, மிளகு எல்லாம் குடித்துப் பார்த்துவிட்டு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா தொண்டைக்குள் கண்ணாடியை விட்டுப் பார்த்தார்கள். "தறிக்காரங்களுக்குக் கையில காய்ப்புக் காய்க்கிற மாதிரி, கத்திக் கத்தி உங்க தொண்டையில காய்ச்சுப் போயிருக்கு" என்றார்கள். இரண்டு மாதம் வாயைத் திறக்கக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. அதன்பிறகு குரல் வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சத்தமில்லாமல் அழுவது அத்தனை கஷ்டம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஒரு சிலேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த வாரமே ஆசீர்வாதம் ஐயா வீட்டுக்கு வந்தார். சபைக் கமிட்டியில் பெரியவர், கெட்டவர் அல்ல. ஆனால் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு காகிதத்தை என் முன்னால் வைத்தார்.

"சகரியாவை ஆண்டவர் ஊமையாக்கினது ஞாபகம் இருக்கா மார்த்தாளம்மா? வேதபுருஷர்களக் கேலி பண்ணினது பாவம்னு இதுல எழுதியிருக்கு. கையெழுத்துப் போடுங்க. ஞாயித்துக்கிழமை சபையில வாசிச்சிட்டு, எல்லாருமா உங்களுக்காக ஜெபிப்போம். இல்லேன்னா கமிட்டி வேற ஆளத்தான் பாக்கணும்."

கையெழுத்துப் போட்டால் வேலையும் நிலைக்கும், ஜெபமும் கிடைக்கும். போடாவிட்டால் இரண்டும் இல்லை. சிலேட்டை எடுத்து எழுதினேன்: "சகரியா ஊமையானது சிரித்ததால் அல்ல, நம்பாததால். சாராள் சிரித்தாள். அவளுக்குப் பிள்ளை பிறந்தது."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டு வாசித்தார். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மத்தியானம் நான் ஜெபித்தேன். முழங்கால் போடவில்லை. அடுப்படியில் நின்றுகொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டு, மனசுக்குள்ளேயே சண்டை போட்டேன். "ஆண்டவரே, ஒட்டகம் ஊசிக்காதில் நுழைகிறதைப் பற்றிப் பேசினவர் நீர். தன் கண்ணில் உத்திரத்தை வைத்துக்கொண்டு அடுத்தவன் கண்ணில் துரும்பு எடுக்கப் போனவன் கதையைச் சொன்னவரும் நீர்தான். அன்றைக்குக் கேட்டவர்கள் சிரிக்காமலா இருந்திருப்பார்கள்? என் சிரிப்பு உமக்குப் பிடிக்கவில்லையென்றால் நீரே வந்து சொல்லும். கமிட்டியை அனுப்பாதேயும். எனக்கு என் பழைய குரல் வேண்டும். தறிச் சத்தத்துக்கு மேலே கேட்கிற குரல். அதில் ஒரு குறைச்சல் இருந்தாலும் வாங்கிக்கொள்ள மாட்டேன்." தினமும் அதே இடத்தில் நின்று அதையேதான் கேட்டேன். சில நாள் கோபத்தில் சட்டியை நங்கென்று வைத்தேன். அதுவும் ஜெபம்தான் என்று இன்றைக்கும் சொல்கிறேன்.

ஒரு மாதம் போயிருக்கும். நாகம்மாள் பஸ் ஏறி என்னைப் பார்க்க வந்துவிட்டாள். தூக்குச்சட்டியில் ரசம் கொண்டுவந்திருந்தாள்.

"ஏந்தாயி, அந்த மனுசன் இன்னும் மீனு வகுத்துக்குள்ளயா கெடக்காரு? எங்க தெருவுல அம்புட்டுப் பேரும் அதையேதான் கேக்காங்க. எங்க வீட்டுக்காரரு தறியில ஒக்காந்தா, 'மூச்சு முட்டிச் செத்திருப்பானோ'ங்காரு. நானும் எங்க மாரியாத்தாகிட்ட ஒனக்காக ஒரு வார்த்தை சொல்லி வச்சிருக்கேன்."

அந்த அன்பைத் தட்ட எனக்கு வாயும் இல்லை, மனசும் இல்லை. சிலேட்டில் "உயிரோடு இருக்கிறார்" என்று எழுதினேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. கையால் நீந்திக் காட்டினேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு என் முன்னால் ஒருத்தி சிரித்தாள். அவள் போன பிறகும் எனக்கு அழுகை நிற்கவில்லை.

இரண்டு மாதம் முடிந்தது. டாக்டரம்மா "பேசுங்க" என்றார்கள். "ஸ்தோத்திரம்" என்றேன். வந்தது. ஆனால் கை நீட்டும் தூரம்கூடப் போகாத, கீறல் விழுந்த சின்னக் குரல். இனிமேல் இவ்வளவுதான், கத்தினால் இதுவும் போய்விடும் என்றார்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இதுவா ஆண்டவரே பதில்? தறிக்காரர் தெருவுக்கு இதை எடுத்துக்கொண்டு போய் நான் என்ன செய்வது?

போதகர் நல்ல மனுஷர். "ஒரு செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கம்மா. அவங்களுக்குக் கேட்டா வேலையத் தொடருங்க. கேக்கலேன்னா வேற யோசிப்போம்" என்றார். பார்த்துச் சொல்ல ஆசீர்வாதம் ஐயாவையும் கூட அனுப்பினார். பஸ்ஸில் அவருடைய சட்டைப்பையில் அந்தக் காகிதத்தின் நுனி தெரிந்தது. நீட்டட்டும் பார்க்கலாம், கையெழுத்து மட்டும் என்னிடம் கிடைக்காது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தெருவில் நுழைந்ததும் அதே சடக் சடக். பெண்கள் ஓடி வந்து உட்கார்ந்தார்கள். நான் வாயைத் திறந்தேன். முன்னால் இருந்தவளுக்கே கேட்கவில்லை. எல்லாரும் என் உதட்டையே பார்த்தார்கள். ஆசீர்வாதம் ஐயா வாசலில் நின்று தலையை ஆட்டினார். சட்டைப்பைக்குள் அவர் கை போவதைப் பார்த்தேன். என் பதினோரு வருடமும் அந்த நிமிடத்தில் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

நாகம்மாள் எழுந்தாள். தறிப்பக்கம் திரும்பி ஒரு சத்தம் போட்டாள்.

"ஏங்க, செத்த நேரம் தறிய நிப்பாட்டுங்க! அந்த மனுசன இன்னைக்கு மீனு வகுத்துலருந்து வெளிய எடுக்கப் போறாங்க!"

அவள் புருஷன் மிதியிலிருந்து காலை எடுத்தார். தறி நின்றது. வாசலுக்கு ஓடி, பக்கத்து வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் அதையே சொன்னாள். ஒவ்வொரு தறியாக நின்றது. நல்ல வெயில் நேரம், வேலை ஓடுகிற நேரம். நெய்தால்தான் கூலி என்கிற மக்கள் எனக்காகக் கையை எடுத்தார்கள். பண்டிகை நாள் தவிர அந்தத் தெரு அப்படி அடங்கி நான் பார்த்ததில்லை. எங்கேயோ ஒரு ஆடு கத்தியது, அதுவும் கேட்டது.

ஆண்களும் எழுந்து வந்து நின்றார்கள். என் சின்னக் குரலில் சொன்னேன்: "எழுவது நாளு உள்ள கெடந்தாரு யோனா. வேதத்துல மூணு நாளுன்னுதான் இருக்கு, மிச்சம் என்னால வந்தது. உள்ளயும் சும்மா கெடக்கல, கடவுள்கிட்ட மல்லுக்கு நின்னாரு. கடைசியில மீனாலயே முடியல. அதுக்கே செரிக்காத மனுசன்! கரையில கொண்டாந்து கக்கிட்டு, அப்பாடான்னு திரும்பிப் பாக்காமப் போயிருச்சு."

தெருவே சிரித்தது. நான் உரத்த குரல் கேட்டு மல்லுக்கு நின்றேன். ஆண்டவரோ அதைக் கொடுக்காமல், ஒரு தெருவின் தறிகளை நிறுத்திக் கொடுத்தார். குறைச்சலாகத் தந்தால் வாங்க மாட்டேன் என்றவள், அன்றைக்கு வாங்கிக்கொண்டேன்.

ஆசீர்வாதம் ஐயா சிரிக்கவில்லை. அந்தக் காகிதத்தை வெளியே எடுக்கவும் இல்லை. திரும்பும்போது பஸ்ஸில் மெதுவாகக் கேட்டார்: "நோவா பெஞ்சாதி பேரு, நெசமாவே வேதத்துல எங்கயும் இல்லையா?"

அதற்குப் பிறகு எத்தனையோ செவ்வாய்க்கிழமை போய்விட்டது. இன்றைக்கும் நான் போனால் அரை மணி நேரம் தறி நிற்கிறது. அந்தத் தெருவை நினைத்து ஸ்தோத்திரம் சொல்லாமல் நான் படுத்ததில்லை. என்னைத் திருத்த முடியாது என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள்.

சகோதரிகளே, உங்களுக்கும் ஏதாவது ஒன்று தொண்டையில் அடைத்துக்கொண்டு இருக்கும். ஆண்டவரிடம் கேளுங்கள். பணிவாகக் கேட்க முடியாவிட்டால் கோபமாகக் கேளுங்கள், சட்டியை நங்கென்று வைத்துக் கேளுங்கள். நம் சண்டையைத் தாங்குகிறவர் அவர். நம் சிரிப்பையும் தாங்குவார். நம்பிக்கை வரவில்லையென்றால் ஒரு செவ்வாய்க்கிழமை சின்னாளபட்டி பஸ்ஸில் ஏறி என்னோடு வாருங்கள். வந்தால் முன்னால் உட்காருங்கள். என் குரல் சின்னது.